செவுளில் வெள்ளைப் பஞ்சு, தொட்டியில் அமோனியா: ஓர் ஆக்ஸலாட்டலைத் தேற்றிய விவரம்

மீசை என் ஆக்ஸலாட்டல்: வெளியே நீட்டிய செவுளோடு கடைசிவரை தண்ணீரிலேயே வாழும் ஒரு நீர்நில வாழ்வி. இப்போது மூன்று வயது நடக்கிறது. லூசிஸ்டிக் ரகம்: வெளிர் ரோஸ் உடம்பு, கறுப்புக் கண், நல்ல சிவப்பில் செவுள். தலையின் இரு பக்கமும் மும்மூன்றாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் செவுள்களைப் பார்த்து வைத்த பெயர். இந்த நிறத்தில் ஒரு சௌகரியம் உண்டு. உடம்புக்கு ஏதாவது வந்தால் தோலே காட்டிக்கொடுத்துவிடும். கரும்பச்சை நிறத்து ஆக்ஸலாட்டல் வைத்திருப்பவர்கள் உற்றுத் தேடவேண்டியதை நாம் போகிற போக்கில் பார்த்துவிடலாம்.

மீசையின் செவுளில் பூஞ்சை வந்து தேறிய விவரம் இது. இதே நிலைமையில் பதறிப்போய்த் தேடுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதில் மருந்துக்குச் சின்னப் பங்குதான். முக்கால்வாசி வேலை தண்ணீரிலும், கிழிந்துபோன ஒரு ஏர் பம்ப் ரப்பரிலும் இருந்தது.

முதலில் கண்ணில் பட்டவை

தொடக்கம் சாப்பாட்டில்தான். இடுக்கியில் மண்புழுவைக் காட்டினால் தலையை வெடுக்கென்று திருப்பி ஒரே உறிஞ்சாக இழுத்துக்கொள்கிற ஆள், புழுவை வாயில் வாங்கித் துப்பியது. ஒரு முறை துப்பினால் நான் கண்டுகொள்வதில்லை. உரக்குழியில் வளரும் சிவப்பு மண்புழுக்கள் தொந்தரவு செய்தால் ஒரு கசப்பான திரவத்தை விடும், அதைப் பல ஆக்ஸலாட்டல்களுக்குப் பிடிக்காது. ஆனால் அடுத்த வேளை வேறு வகைப் புழு கொடுத்தும் துப்பியது. வால் நுனி கொக்கி போல வளைந்திருந்தது. செவுள்கள் வழக்கமாகப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இப்போது முன்னோக்கி, முகத்தைப் பார்த்து மடங்கியிருந்தன.

வால் நுனி மடங்குவதும் செவுள் முன்னே வருவதும் தனியாக ஒரு நோயின் பெயரைச் சொல்லாது. ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். நீரோட்டம் வேகமாக இருந்தாலும் இப்படி ஆகும், தண்ணீர் கெட்டாலும் ஆகும், சூடானாலும் ஆகும். மீசையின் தொட்டியில் காற்றுக் குமிழியால் மெல்ல ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும்தான், அதனால் நீரோட்டத்தை உடனே பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

அப்புறம்தான் அந்தப் பஞ்சு. வலப்பக்கம், கடைசிச் செவுள் தண்டின் நுனியில் கடுகளவுக்கு வெள்ளை. செவுளை உதறும்போது உதிரவில்லை. வேர்விட்டதுபோல ஒட்டிக்கொண்டு தண்ணீரில் அசைந்தது. உரிந்த தோல்சளியாக இருந்தால் இரண்டு உதறலில் கழன்று மிதந்துவிடும். கூர்ந்து பார்த்தால் மெல்லிய நூல்கள் தண்டிலிருந்து நாலாப்பக்கமும் நிமிர்ந்து நின்றன. நன்னீரில் இப்படி வருவது பெரும்பாலும் சாப்ரோலெக்னியா வகை. எல்லோரும் பூஞ்சை என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன். உயிரியலாளர்கள் இதை நீர்ப்பூசண வகையில் தனியாக வைப்பார்கள். இதன் வித்துகள் எல்லா நன்னீரிலும் இருக்கும். நல்ல உடம்பில் இது ஏறாது; செத்த திசு, காயம், சளிப்படலம் போன இடம் கிடைத்தால்தான் உட்காரும்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொன்று காலம்னாரிஸ் என்கிற பாக்டீரியா நோய். அது பஞ்சாக நிமிர்ந்து நிற்காமல் தட்டையாக, சாம்பலும் மஞ்சளும் கலந்த படலமாகப் படரும். சூடான தண்ணீரில் மளமளவென்று பரவும். இதற்கும் அதற்கும் வைத்தியம் வேறு. சந்தேகமாக இருந்தால் படம் பார்த்து முடிவு கட்டாமல், நீர்நில வாழ்விகளைப் பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

இடையில் ஒன்று. புதிதாக வளர்ப்பவர்கள் அடிக்கடி பதறுகிற விஷயம், பின்னங்கால்களுக்குப் பின்னால் வாலடியில் தெரியும் இரட்டை வீக்கம். கட்டியும் இல்லை, நோயும் இல்லை. வயதுக்கு வந்த ஆண் ஆக்ஸலாட்டலுக்கு அந்த இடம் அப்படித்தான் புடைத்திருக்கும்.

தண்ணீர் ரீடிங்

பஞ்சைப் பார்த்ததும் கை மருந்துப் பெட்டிக்குப் போகும். அதை அடக்கிக்கொண்டு டெஸ்ட் கிட்டை எடுத்தேன். காகிதப் பட்டை அல்ல, சொட்டு மருந்து விட்டுக் குழாயில் நிறம் பார்க்கிற வகை. பட்டைகள் அவசரத்துக்குச் சரி, பலவற்றில் அமோனியா பார்க்கவே வழி இருக்காது. சொட்டு வகையில் நைட்ரேட் பாட்டிலை மட்டும் கை வலிக்கும் வரை குலுக்கவேண்டும். அடியில் தங்கியது கலங்காவிட்டால் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்.

அன்றைய கணக்கு: வெப்பம் 22.5 டிகிரி, பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) 8, விலங்கின் கழிவிலிருந்து வரும் அமோனியா 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), நைட்ரைட் 0.5, நைட்ரேட் 20. மீசையின் தொட்டியில் எப்போதும் இருப்பது வெப்பம் 18, அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 10க்கும் 20க்கும் நடுவில்.

1 பிபிஎம் என்றால் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவத்தில் இருக்கிறது. ஒன்று அயனியாக, அவ்வளவாகக் கெடுதல் இல்லாதது. மற்றது தனி அமோனியா, செவுளைப் பொசுக்குவது. டெஸ்ட் கிட் இரண்டையும் கூட்டித்தான் காட்டும். எது எவ்வளவு என்பதை பிஎச்சும் வெப்பமும் முடிவு செய்யும். பிஎச் 7 இருந்தால் அந்த வெப்பத்தில் இருநூறில் ஒரு பங்குதான் நச்சு வடிவம். பிஎச் 8 ஆனால் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. அதே 1 பிபிஎம், பத்து மடங்கு விஷம். ஆக்ஸலாட்டலுக்குக் கடினமான, கொஞ்சம் காரத்தன்மை உள்ள தண்ணீர்தான் பிடிக்கும் என்பதால் பெரும்பாலான தொட்டிகள் 7.5ஐ ஒட்டியோ அதற்கு மேலேயோதான் இருக்கும். அதனால் மீன் வளர்ப்பவர்கள் சொல்கிற “கொஞ்சம் அமோனியா பரவாயில்லை” நமக்குப் பொருந்தாது.

வெப்பமும் சேர்ந்துகொண்டது. ஆக்ஸலாட்டலின் சொந்த ஊர் மெக்சிகோ நகரின் தென்பகுதியில் இருக்கும் சோச்சிமில்கோ கால்வாய்கள், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2200 மீட்டர் உயரம். வளர்ப்பில் 16 முதல் 18 டிகிரி நல்லது. 24ஐத் தாண்டினால் ஆபத்து என்பது பொதுவான கணக்கு. சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகக் கரையும், அதே நேரம் விலங்குக்கு ஆக்ஸிஜன் தேவை கூடும். இரண்டும் எதிர்த்திசையில் இழுக்கும்.

ஆக, அமோனியா செவுளைப் பொசுக்கியிருக்கிறது, பொசுங்கிய நுனியில் பூஞ்சை உட்கார்ந்திருக்கிறது. இது என் ஊகம்தான், ஆனால் எண்களும் செவுளும் ஒத்துப்போயின. பூஞ்சைக்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு அதே தண்ணீரில் விட்டால் அடுத்த தண்டிலும் வரும்.

டப்

நோயுற்ற ஆக்ஸலாட்டலைத் தொட்டியிலிருந்து எடுத்துத் தனி டப்பில் வைப்பதுதான் எனக்குத் தெரிந்த ஆகச்சிறந்த முதலுதவி. இரண்டு டப் வேண்டும், ஒரே அளவில். பதினைந்து லிட்டர் பிடிக்கிற பிளாஸ்டிக் பெட்டிகள் போதும். ஒன்றில் விலங்கு இருக்கும். மற்றதில் மறுநாளுக்கான தண்ணீர் குளோரின் நீக்கப்பட்டு, அதே அறையில் நின்று அதே வெப்பத்துக்கு வந்துகொண்டிருக்கும். நேரம் வந்ததும் விலங்கை மாற்றிவிட்டுப் பழையதை அப்படியே கொட்டிக் கழுவிக் கவிழ்க்கலாம். முழுத் தண்ணீரும் தினம் ஒருமுறை மாறவேண்டும். ஃபில்டர் இல்லாத டப்பில் ஆக்ஸலாட்டல் தன் செவுள் வழியாகவே அமோனியாவை விட்டுக்கொண்டிருக்கும்; சாப்பிடாத விலங்குக்கும் இது பொருந்தும். கழிவு போட்டால் அடுத்த மாற்றம் வரை காத்திருக்காமல் பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிடவேண்டும்.

குளோரின் விஷயத்தில் ஒரு நுணுக்கம். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்பது குளோரினுக்கு மட்டும் சரி. சில நீர் வழங்கல்களில் குளோரமின் சேர்ப்பார்கள். அது எளிதில் பறக்காது. டீகுளோரினேட்டர் என்கிற குளோரின் நீக்கி மருந்தை விட்டுவிட்டால் இந்தக் கவலையே இல்லை. பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள்: மீனின் சளிப்படலத்துக்கு நல்லது என்று கற்றாழைச் சாறு கலந்தவை உண்டு. அவற்றை ஆக்ஸலாட்டல் வளர்ப்பவர்கள் தவிர்ப்பார்கள், நானும் தவிர்க்கிறேன். தாமிரம், மலாகைட் க்ரீன், ஃபார்மலின் கலந்த மீன் மருந்துகளும் அப்படியே. நீர்நில வாழ்விகளின் தோல் தண்ணீரில் உள்ளதையெல்லாம் உள்ளே விடும். மீனுக்குச் சரியான அளவு இதற்கு அதிகமாகிவிடும்.

மீசையை வலையால் பிடிக்கவில்லை. செவுள் இழைகளும் விரல்களும் வலைக்கண்ணில் மாட்டும், ஏற்கெனவே புண்ணான செவுளுக்கு அது கூடவே கூடாது. சின்ன டப்பாவைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, அதன் வாயை முகத்துக்கு நேரே வைத்துவிட்டு வால் பக்கம் விரலைக் கொண்டுபோனால் தானாக உள்ளே நடந்துவிடும். தண்ணீரோடு தூக்கி, தண்ணீருக்குள்ளேயே விட்டேன். டப்புக்கு ஓட்டை போட்ட மூடி அவசியம். சோம்பேறி மாதிரி தெரிகிற இந்த விலங்கு, உடம்பு சரியில்லாதபோது டப்பிலிருந்து குதித்து வெளியே விழும். உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு மண்குழாய்த் துண்டு. இமை இல்லாத கண், வெளிச்சம் அதற்குத் தண்டனை; டப்பின் மேல் துணியும் போட்டு வைத்தேன்.

டப் நின்ற இடத்தில் 17 டிகிரி நின்றது. ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. 5 முதல் 8 டிகிரியில் விலங்கின் உடல் இயக்கம் மந்தமாகும், நோயும் மெதுவாகும் என்பது வாதம். நான் அதைச் செய்யவில்லை. அந்தக் குளிரில் விலங்கின் எதிர்ப்பு சக்தியும் படுத்துக்கொள்ளும், ஆனால் சாப்ரோலெக்னியா குளிர்ந்த தண்ணீரிலும் சுகமாக வாழக்கூடியது. 16, 17 டிகிரியில் சுத்தமான தண்ணீர் போதும் என்று எனக்குத் தோன்றியது.

உப்புக் குளியலும் எனக்கு உடன்பாடு இல்லாத ஒன்று. லிட்டருக்கு இரண்டு மூன்று டீஸ்பூன், பத்துப் பதினைந்து நிமிடம் என்று பரவலாகச் சொல்வார்கள். பூஞ்சை உதிரும், உண்மை. கூடவே சளிப்படலமும் போகும், பூஞ்சைக்கு அடுத்த வாசல் திறக்கும். “ஆய்வகங்களிலேயே ஆக்ஸலாட்டலை உப்புத் தண்ணீரில்தானே வைக்கிறார்கள்” என்று ஒரு வாதம் வரும். அவர்கள் பயன்படுத்தும் ஹோல்ட்ஃப்ரெட்டர் கரைசலை 40 சதவீதமாக நீர்க்க வைத்தால் லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்கும் குறைவான உப்புதான் இருக்கும், கூடவே கால்சியமும் பொட்டாசியமும். இரண்டு டீஸ்பூன் என்பது பத்து கிராமைத் தாண்டிவிடும். இரண்டையும் ஒன்றாகப் பேசக்கூடாது. அயோடின் சேர்த்த சமையல் உப்பு என்றால் இன்னொரு சிக்கல். தைராய்டைத் தூண்டி விலங்கை நிலவாழ் வடிவத்துக்கு உருமாற வைப்பதே அயோடின் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

பம்பைப் பிரித்தது

மீசை டப்பில் பாதுகாப்பாக இருக்க, தொட்டியில் என்ன நடந்தது என்று தேட நேரம் கிடைத்தது. தொட்டி ஓடத் தொடங்கிப் பல மாதம் ஆனது. புதிய மீன் இல்லை, அதிக உணவு இல்லை, அழுகிய செடி இல்லை. எங்காவது மறந்துபோன புழுத்துண்டு உண்டா என்று பார்த்தேன். அடித்தளம் வெறும் கண்ணாடி, ஒளிய இடமே இல்லை. (சரளைக்கல் போடாததற்குக் காரணம் வேறு. உறிஞ்சிச் சாப்பிடுகிற விலங்கு, கல்லையும் சேர்த்து விழுங்கி வயிறு அடைத்துக்கொள்ளும்.)

ஸ்பாஞ்சைப் பார்த்தேன். குமிழி வந்துகொண்டுதான் இருந்தது. அதனால்தான் இதுவரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் குழாயின் மேல்முனையில் தண்ணீர் பொங்கி வழியவேண்டிய இடத்தில், ஒவ்வொரு குமிழியாகச் சோம்பலாக ஏறியது. ஸ்பாஞ்ச் ஃபில்டரில் காற்றுதான் எஞ்சின். குமிழி மேலே ஏறும்போது தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகும், அந்த இழுப்பில்தான் ஸ்பாஞ்ச் வழியாகத் தண்ணீர் ஓடும். அமோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சுக்குள் இருக்கின்றன. அவற்றுக்கு ஆக்ஸிஜன் பசி ரொம்ப அதிகம்: ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட் வரை கொண்டுபோக நாலரை கிராம் ஆக்ஸிஜன் செலவாகும். ஓட்டம் குறைந்தால் ஸ்பாஞ்சின் உட்பக்கம் மூச்சுத் திணறும், பாக்டீரியா சுணங்கும், அமோனியா ஏறும்.

ஸ்பாஞ்ச் அடைத்திருக்கிறதா, பம்ப் பலவீனமா என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. குழாயை ஸ்பாஞ்சிலிருந்து கழற்றி, தண்ணீர் நிறைந்த வாளியில் விட்டேன். மேற்பரப்புக்குக் கீழே ஒரு விரல் ஆழத்தில் வேகமாகக் குமிழிட்டது. மெல்ல இறக்கினேன். கால்வாசி ஆழத்தில் குறைந்தது. பாதிக்கு மேல் இறக்கியதும் நின்றேவிட்டது. ஆழம் கூடக்கூடத் தண்ணீரின் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளவேண்டும். அந்தத் தெம்பு பம்பில் இல்லை. ஆகக் குற்றவாளி ஸ்பாஞ்ச் இல்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பம்பைக் கவிழ்த்தேன். நான்கு ரப்பர் கால்களையும் பிடுங்கினால் அடியில் ஸ்குரூக்கள் ஒளிந்திருக்கும். திறந்தால் உள்ளே ரொம்ப எளிமை: ஒரு மின்காந்தம், அதன் எதிரே நுனியில் காந்தம் வைத்த ஒரு கை, கையின் ஓரத்தில் கிண்ணம் போன்ற ரப்பர் டயஃப்ரம், அதன் பின்னால் இரண்டு குட்டி வால்வு மடல்கள். மின்சாரம் திசைமாறும் வேகத்துக்குக் கை அதிரும், ரப்பர் கிண்ணம் காற்றை உள்ளிழுத்துத் தள்ளும். பார்த்தவுடன் ரப்பரில் ஒன்றும் தெரியவில்லை. விரலால் மடிப்பை விரித்துப் பிடித்ததும் தெரிந்தது, மடிப்பின் அடியில் அரை வட்டமாகக் கிழிசல். ரப்பர்தானே, நாள்பட்டால் இறுகி வெடிக்கும். பம்பின் உறுமல் மட்டும் மாறவே இல்லை என்பதுதான் கொடுமை. காதுக்கு எல்லாம் நன்றாக ஓடியது.

அதே மாடலுக்கான டயஃப்ரமும் வால்வு மடலும் தனியாக வாங்கிப் போட்டேன். வேலை பத்து நிமிடம். மடலை மாற்றும்போது எந்த மடல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. மாற்றி வைத்தால் காற்றே வராது. உள்ளே ஃபெல்ட் துண்டு ஒன்று தூசி வடிகட்ட இருக்கும், அதையும் மாற்றலாம். மீண்டும் வாளி சோதனை: அடி வரை இறக்கியும் படபடவென்று குமிழி. குழாயின் நடுவில் செக் வால்வு ஒன்றும் சேர்த்தேன். மின்சாரம் போகும்போது தொட்டித் தண்ணீர் குழாய் வழியாகப் பின்னோக்கிப் பம்புக்குள் வந்துவிடாமல் இருக்க.

பஞ்சு

டப்பில் முதல் சில நாட்களுக்கு மருந்தே இல்லை. காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றைக் கழுவிப் போட்டதோடு சரி. தண்ணீர் இளந்தேநீர் நிறத்துக்கு மாறும். இலையில் இருக்கும் டானின்களுக்குப் பூஞ்சையை லேசாக மட்டுப்படுத்தும் குணம் உண்டு, விலங்குக்கும் கடுமை இல்லை. வால் நுனி நேராகியது. செவுளும் பின்னோக்கிப் போனது. பஞ்சு வளரவில்லை, ஆனால் போகவும் இல்லை. பக்கத்துத் தண்டில் இன்னொரு புள்ளி வேறு.

அப்போதுதான் டாக்டரிடம் கொண்டுபோனேன். முதல் கேள்வியே, “மருந்து அப்புறம் பார்க்கலாம், தண்ணீர் ரீடிங் எழுதி வெச்சிருக்கீங்களா?” என்பதுதான். எழுதி வைத்திருந்த தாளை நீட்டினேன். எடை பார்த்தார்: தண்ணீருடன் டப்பாவை முதலில் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, பிறகு விலங்கை விட்டு. பஞ்சில் ஒரு நூலளவு சாமணத்தால் எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரோடு மைக்ராஸ்கோப்பில் வைத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கிளைவிட்டுப் போகும் தடித்த இழைகள், உள்ளே குறுக்குச்சுவர் இல்லை. அது நீர்ப்பூசணத்தின் அடையாளம் என்றார். பாக்டீரியா என்று நினைத்து ஆன்டிபயாடிக் போட்டிருந்தால் பலன் இருந்திருக்காது.

மெத்திலீன் ப்ளூ என்கிற நீலச் சாய மருந்தை எழுதிக் கொடுத்தார். அளவை இங்கே போடவில்லை. பாட்டிலுக்குப் பாட்டில் செறிவு மாறும், டப்பின் கொள்ளளவும் மாறும். என் எண்ணை எடுத்துக்கொண்டு போய் வேறு பாட்டிலில் அளந்தால் தப்பாகிவிடும். கையாள்வது பற்றிச் சில விஷயங்கள் சொல்லலாம். மருந்து டப்புக்கு மட்டும், தொட்டியில் ஒரு சொட்டும் கூடாது. ஃபில்டர் பாக்டீரியாவையும் அது கொல்லும். வெளிச்சத்தில் சிதையும், ஆகவே துணி மூடியே இருக்கட்டும். ஒவ்வொரு முழு மாற்றத்துக்கும் மருந்தைப் புதிதாகத் தனிக் குவளையில் கரைத்து, பிறகு டப்பில் கலந்து, அதன்பின்தான் விலங்கு. கையுறை போடாவிட்டால் விரல் நீலமாகும், டப் நீலமாகும், தரை நீலமாகும். வெளிர் நிற ஆக்ஸலாட்டலும் கொஞ்ச நாள் நீலமாகவே திரியும். செவுள் இழைகளில் சாயம் ஏறியதைப் பார்த்துப் பயப்படவேண்டாம், அது வெளுத்துவிடும்.

பஞ்சு முதலில் நீலமானது, பிறகு சுருங்கிக் கட்டியானது, ஒரு மாற்றத்தின்போது டப்பின் அடியில் கிடந்தது. கூடவே அந்தத் தண்டின் நுனியும் சிறிது போயிருந்தது. அதற்குக் கவலைப்படவில்லை. கால் போனாலே முளைக்கவைக்கிற விலங்குக்குச் செவுள் நுனி ஒரு பொருட்டே இல்லை. மொட்டையாக நின்ற தண்டில் சில வாரங்களில் மறுபடி சிவப்பு இழைகள் துளிர்த்தன. பஞ்சை நாமே பிய்த்து எடுக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். இழையோடு சேர்ந்து நல்ல திசுவும் வரும்.

சாப்பாட்டை இந்தக் காலம் முழுக்க நான் வற்புறுத்தவில்லை. நல்ல உடம்புள்ள பெரிய ஆக்ஸலாட்டல் இரண்டு வாரம் வரை சாப்பிடாமல் தாங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சின்னப் புழுத்துண்டை மூக்கருகே அசைத்துக் காட்டுவேன். வாங்கவில்லை என்றால் உடனே எடுத்துவிடுவேன், டப்பில் ஊறவிடக்கூடாது. பார்வை மந்தம், மோப்பமும் நீரின் அசைவும்தான் வழிகாட்டி. அதனால் முகத்துக்கு ஒரு விரல் தூரத்தில் மெல்ல நெளியவைக்கவேண்டும். பஞ்சு விழுந்ததற்கு மறுநாள் வாங்கி விழுங்கியது. அடுத்து கழிவு வந்ததா என்று ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் வீட்டில் நான் ஒருவன் மட்டும் அல்ல.

தொட்டியைத் திரும்ப ஓட்டியது

விலங்கு இல்லாத தொட்டியில் பாக்டீரியாவுக்கு உணவு இல்லை. அப்படியே விட்டால் மிச்சம் இருப்பதும் பட்டினியில் சுருங்கும். ஆகவே வாசனையும் நுரையும் சேர்க்காத சுத்த அமோனியாவைச் சொட்டுக் கணக்கில் விட்டு, 1 பிபிஎம் காட்டுகிற அளவுக்குக் கொண்டுவந்தேன். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் காட்டவில்லை; தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு மூன்று முறை பிழிந்து, அழுக்கு மட்டும் போனதும் திருப்பி வைத்தேன். பம்ப் சரியானதும் அமோனியா சீக்கிரமே இறங்கியது. நைட்ரைட்தான் இழுத்தடித்தது. அது எப்போதும் அப்படித்தான், இரண்டாம் கட்டப் பாக்டீரியா மெதுவாகப் பெருகும். ஊற்றிய 1 பிபிஎம் அமோனியா ஒரே நாளில் காணாமல் போய், நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டியபின்தான் தொட்டி தயார் என்று எடுத்துக்கொண்டேன். மீசையைத் திரும்ப விடும் முன் பாதித் தண்ணீரை மாற்றி, ஏறியிருந்த நைட்ரேட்டை இறக்கினேன்.

வெப்பத்துக்கு மேற்பரப்பை நோக்கிச் சின்ன ஃபேன் ஒன்று. தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். காற்று உலர்ந்திருந்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஈரப்பதம் அதிகமென்றால் பலன் குறைவு. அங்கே தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவிதான் வழி. ஐஸ் பாட்டிலை மிதக்கவிடுவது எனக்குப் பிடிக்காது; ஏறி இறங்கி ஏறி இறங்கி விலங்கைப் படுத்தும். ஃபேன் வைத்தால் தண்ணீர் தினமும் குறையும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், தாதுக்கள் தங்கிவிடும். குறைந்ததை ஈடுகட்டக் கடினத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் கடினத்தன்மை மெல்ல ஏறும். ஈடுகட்ட மட்டும் ஆர்ஓ தண்ணீர், மாற்றுவதற்கு வழக்கமான தண்ணீர் என்று பிரித்துக்கொண்டேன்.

மீசை திரும்பத் தொட்டிக்குப் போனபின் முதல் வாரம் தினமும் அமோனியாவும் நைட்ரைட்டும் பார்த்தேன், இப்போது வாரம் ஒருமுறை. உணவை முதலில் பாதி அளவில் கொடுத்து, எண்கள் அசையவில்லை என்று தெரிந்தபின் கூட்டினேன். ஒரே ஸ்பாஞ்ச் இருந்த இடத்தில் இரண்டு வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஏர் பம்ப் கொடுத்திருக்கிறேன். இரண்டையும் ஒரே நாளில் பிழிவதில்லை. மாதத்துக்கு ஒருமுறை இரண்டு குழாயையும் கழற்றி வாளியின் அடிவரை விட்டுப் பார்ப்பதும், டெஸ்ட் கிட் பாட்டில்களின் காலாவதித் தேதியைப் பார்ப்பதும் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. உதிரி டயஃப்ரம் ஒரு ஜோடி, இரண்டு டப், சிரிஞ்ச், டீகுளோரினேட்டர், காய்ந்த வாதுமை இலை எல்லாம் ஒரே பெட்டியில் தொட்டிக்குக் கீழே இருக்கின்றன. மெத்திலீன் ப்ளூவை மட்டும் அந்தப் பெட்டியில் வைக்கவில்லை, ஒருமுறை கசிந்தால் போதும்.